எரியும் பாதம்: நீரிழிவுக்கு முந்திய நரம்பு நோவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மன்னர்களின் போர்களையும் குடியேற்ற ஆட்சியாளரின் சட்டங்களையும் ஆராய்வதே வரலாற்று மாணவனின் பணி என்ற எண்ணம் எம்மிடையே இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை. நோய்களுக்கு அந்நூல்களில் இடம் கிடைத்ததுண்டு. எனினும் அவை கொள்ளைநோய்களாக இருத்தல் வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அழித்த கறுப்புச் சாவும், 1934–35இல் இலங்கையின் கிராமங்களை வெறுமையாக்கிய மலேரியாவும் தத்தமக்குரிய அத்தியாயங்களைப் பெற்றுவிட்டன. உயிரைக் குடியாது, வெளிக்குப் புலப்படாது, மனிதனை ஆண்டுக்கணக்காக இரவில் உறங்கவிடாது வைத்திருக்கும் நோவுகளுக்கோ வரலாறு எழுதப்படுவது அரிது. அத்தகைய நோவுகளுள் ஒன்றையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

பெருவிரல் நுனியில் முதலில் ஒரு விறைப்பு. பின்னர் இரு பாதங்களிலும் ஊசி குத்துவது போன்ற உணர்வு. அதன் பின் எரிவு. பகலில் நடமாடும்போது அது ஓரளவு மறக்கப்படும். படுக்கைக்குச் சென்றபின் கூடும். போர்வையின் நுனி பாதத்தில் உராய்வதையே தாங்க முடியாதவர்கள் உளர். ஈரத்துணியாற் பாதத்தைச் சுற்றிக்கொள்வோரும், நள்ளிரவில் எழுந்து குளிர்ந்த சீமெந்துத் தரையிற் காலை வைத்துக்கொண்டிருப்போரும் எம் ஊர்களில் அருந்தலாக உள்ளவரல்லர். நீரிழிவு நோயாளருக்கு இத்தகைய நோவு ஏற்படும் என்பதை இன்று யாவரும் அறிவர். இங்கு எமது கவனத்துக்குரியவர் வேறொருவர். அவருடைய குருதியில் குளுக்கோசின் அளவு வழமையை விட உயர்ந்திருக்கும். ஆயினும் நீரிழிவு எனப் பெயரிடும் எல்லையை அது எட்டியிராது. உணவருந்தாத நிலையில் ஒரு டெசிலீற்றருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை என அமெரிக்க நீரிழிவுச் சங்கமும், 110 முதல் 125 வரை என உலகச் சுகாதார நிறுவனமும் இவ்விடைநிலையை வரையறுக்கின்றன. இதனை நாம் முன்நீரிழிவு என்போம். இந்நிலையிலுள்ள ஒருவரின் பாதம் ஏன் எரிகின்றது என்ற வினா, தோற்றத்திற் புதியது. வேரிலோ மிகப் பழையது. நரம்புக் கேடு முன்னதா, சீனி முன்னதா என்ற வழக்கே அதன் வேர். இவ்வழக்கு குறைந்தது இரு தடவைகள் தலைகீழாக்கப்பட்டுள்ளது.

பழைய வைத்திய நூல்களிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். சரக சம்கிதையும் சுசுருத சம்கிதையும் பிரமேகம் என்ற தலைப்பின் கீழ் சிறுநீர் மிகும் நோய்களை இருபது வகையாகப் பிரித்தன. அவற்றுள் மதுமேகம் எனப்படுவதே தேனொத்த சிறுநீரையுடையது. சிறுநீரை எறும்பு மொய்ப்பதை அவ்வைத்தியர்கள் கண்டிருந்தனர் என்பது பலராலும் எடுத்துக்காட்டப்படும் செய்தி. அத்துணை எடுத்துக்காட்டப்படாத செய்தி ஒன்றுண்டு. நோய் முற்றுவதற்கு முன்னர் தோன்றும் குறிகளைப் ‘பூர்வரூபம்’ என அந்நூல்கள் தனியே வகுத்தன. பிரமேகத்தின் பூர்வரூபங்களுள் கைகளிலும் பாதங்களிலும் ஏற்படும் எரிவும் உணர்விழப்பும் இடம்பெறுகின்றன. அஃதாவது, பாத எரிவானது நோயின் பின்விளைவாகவன்றி முன்னறிவிப்பாகவே வைக்கப்பட்டிருந்தது.

இவ்விடத்தில் வரலாற்று மாணவன் சற்று நிதானித்தல் வேண்டும். இன்றைய ஆய்வுகூடம் கண்டவற்றையெல்லாம் அன்றே எம் முன்னோர் கண்டுவிட்டனர் என மார்தட்டுவது ஒரு சாராரின் வழக்கம். பூர்வரூபம் என்பது குருதியில் அளக்கப்பட்ட ஓர் இடைநிலையன்று. வாத பித்த கபக் கோட்பாட்டினுள் வைத்து விளங்கிக்கொள்ளப்பட்ட ஒன்று. பிரமேகம் என்ற சொல்லும் இன்றைய நீரிழிவும் ஒரே எல்லையையுடையனவல்ல. எனவே அவர்கள் முன்நீரிழிவை அறிந்திருந்தனர் எனக் கூறுவது பிழையாகும். ஆனால் நோயாளி தன் பாதம் எரிகின்றது எனக் கூறியபோது, அக்கூற்றைச் செவிமடுத்து, அதற்கு நோயின் காலவரிசையில் ஓர் இடத்தை அவர்கள் அளித்தனர் என்பது பிழையாகாது.

ஐரோப்பாவில் இக்கதை வேறு வழியாக நகர்ந்தது. ஒக்ஸ்போட்டிலும் இலண்டனிலும் வைத்தியராக விளங்கிய தொமஸ் வில்லிஸ் 1664இல் மூளையின் அமைப்பைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். நரம்பியலைக் குறிக்க இன்று உலகம் வழங்கும் கிரேக்கச் சொல் அவரால் ஆக்கப்பட்டதே. பத்தாண்டுகளின் பின், 1674இல் வெளியான மற்றொரு நூலில், நீரிழிவு நோயாளரின் சிறுநீர் இனிக்கின்றது என அவரே பதிவுசெய்தார். நரம்பும் சீனியும் ஒரே வைத்தியரின் கையில் இருந்தன. எனினும் சீனியே நரம்பைக் கெடுக்கின்றது என்ற கோட்பாடு பிறப்பதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் செல்லவேண்டியிருந்தது. 1776இல் லிவர்பூல் வைத்தியர் மத்தியூ டொப்சன், இனிப்பு சிறுநீரில் மாத்திரமன்றிக் குருதி நீரிலும் உள்ளது எனக் காட்டினார். பீரங்கிப்படை வைத்தியரான ஜோன் ரோலோ 1797இல் இறைச்சி மிகுந்த உணவைக் கொடுத்துச் சிறுநீரின் சீனியைக் குறைத்தார். அவர் விபரித்த நோயாளரிடத்துக் கால்நோவும் உணர்வு மாற்றமும் காணப்பட்டன; அவை அன்று பெரிதாகப் பொருட்படுத்தப்படவில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நரம்பு எதிர்பாராத வகையில் இந்நோயின் மையத்துக்கு வந்தது. பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் கிளோட் பேர்னாட், 1849இல், முயலொன்றின் மூளையின் அடிப்பகுதியில் ஊசியாற் குத்தியபோது அதன் சிறுநீரிற் சீனி தோன்றுவதைக் கண்டார். இப்பரிசோதனை அக்காலத்தவரை எவ்வளவு கவர்ந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். நரம்பைத் தாக்கினால் நீரிழிவு வரும் என்பது கண்முன்னே நிரூபிக்கப்பட்டுவிட்டதன்றோ! ஆகவே நீரிழிவு நோயாளரிடத்து நரம்புக் கோளாறு காணப்பட்டால் அதுவே நோயின் காரணம் எனக் கொள்வது இயல்பாயிற்று. பாதம் எரிகின்றதா? நரம்பு முன்னரே கெட்டிருந்தது. அதனாற் சீனி வந்தது. தருக்கத்திற் குறையில்லை, முடிவு மட்டும் தவறு.

இதனைத் தலைகீழாக்கியவர் மார்ஷல் த கல்வி என்ற பிரெஞ்சு வைத்தியர். 1864இல் வெளியிட்ட ஆய்வில், நரம்புக் கோளாறு நீரிழிவின் காரணமன்று, அதன் விளைவே என அவர் வாதிட்டார். அதன்பின் அவதானங்கள் பெருகின. இலண்டனில் நீரிழிவு நோயாளர் பலரைக் கண்டு வைத்தியம் பார்த்த பிரெடரிக் பேவி 1885இல் ஆற்றிய உரையொன்றில், பாதங்களின் உணர்விழப்பு, மின்னல் போல ஓடும் நோவு, இரவில் அது மிகுதல் ஆகியவற்றைத் தெளிவாக விபரித்தார். 1893இல் ஜேர்மனியரான லைடன் இவற்றை நோவு மிகுந்தது, தசை தளர்வது, நடை தள்ளாடுவது என மூவகைப்படுத்தினார். 19ஆம் நூற்றாண்டு முடியும்போது வழக்கு தீர்க்கப்பட்டுவிட்டதாகவே தோன்றிற்று: சீனி முன்னது, நரம்பு பின்னது.

இக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த ஒரு முயற்சியை இடையில் நினைவுகூர்தல் தகும். அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கு வந்து, மானிப்பாயில் இருந்து, 1873 வரை பணியாற்றினார். மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த அவர், 1852 தொடக்கம் உடற்கூற்று நூல்களையும் வைத்திய நூல்களையும் தமிழாக்கி வெளியிட்டார். அவரும் அவருடைய மாணவர்களும் எதிர்கொண்ட சிக்கல்களுள் ஒன்று சொற்சிக்கல். நரம்பு என்ற தமிழ்ச் சொல் யாழின் தந்தியைக் குறித்தது. தசையை எலும்போடு பிணைக்கும் நாரைக் குறித்தது. குருதி ஓடும் நாளத்தையும் குறித்தது. உணர்வைக் கொண்டுசெல்லும் இழை என்ற பொருள் அதன்மேற் பின்னர் ஏற்றப்பட்டது. இன்றும் ‘நரம்பு இழுக்கிறது’, ‘நரம்பு புடைக்கிறது’ என்று ஒருவர் கூறும்போது எந்த நரம்பைக் கூறுகின்றார் என வைத்தியர் ஆராயவேண்டியுள்ளது. பாத எரிவை உடையவர் தம் நோவை விளக்கமுற்படும்போது மொழியே அவருக்கு ஒரு தடையாகின்றது. எரிவு, உளைவு, குத்து, விறைப்பு, சுணை என எம்மிடம் சொற்கள் நிறைய உண்டு. அவை வைத்தியசாலை ஏட்டில் ‘கால் நோ’ என்ற இரு சொற்களாகச் சுருங்கிவிடுகின்றன.

எம் பிரதேசத்தில் எரியும் பாதத்துக்கு மற்றொரு வரலாறும் உண்டு. அது சீனியோடு தொடர்பற்றது. பர்மியப் போர்க்காலத்துச் சிப்பாய்களிடத்துக் காணப்பட்ட பாத எரிவு பற்றி கிரியர்சன் என்ற வைத்தியர் 1826இல் கல்கத்தாவில் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் யப்பானியரின் சிறைமுகாம்களில் அடைபட்ட படையினரிடையே இது பெருமளவில் தோன்றியது. இரவிரவாகக் குளிர்நீரிற் பாதங்களை அமிழ்த்தியவாறு அவர்கள் அமர்ந்திருந்தனர். 1946இல் இந்திய ஊட்டச்சத்து ஆய்வாளர் சி. கோபாலன் இவ்வெரிபாத நோயை விபரித்து, பந்தோதெனிக் அமிலம் என்ற உயிர்ச்சத்தைக் கொடுத்து நோயாளர் தேறுவதைக் காட்டினார். இவை யாவும் பட்டினியின் பாதங்கள். அரிசியைத் தீட்டி உண்டும், அதுவும் போதாமலும் வாழ்ந்தோரின் நோய். ஆதலால் கீழைத்தேயங்களிற் பயின்ற வைத்தியர் தலைமுறைகளுக்குப் பாத எரிவு என்றதும் உயிர்ச்சத்துக் குறைவே முதலில் நினைவுக்கு வந்தது. இன்றும் பாதம் எரிகின்றது என்று சொல்பவருக்கு உயிர்ச்சத்து ‘பி’ குளிசைகள் உடனே எழுதிக் கொடுக்கப்படுவதன் பின்னணியில் இவ்வரலாறும் உள்ளது எனக் கருத இடமுண்டு. அது முற்றிலும் வீணான வழக்கமுமன்று. முன்நீரிழிவுக்கும் நீரிழிவுக்கும் கொடுக்கப்படும் மெட்போமின் என்ற மருந்தை நெடுங்காலம் உட்கொள்வோருக்கு ‘பி12’ குறைந்து, அதனாலேயே நரம்பு கெடுவதுண்டு. எனினும் பட்டினிக்கென வகுத்த விளக்கத்தை மிகையுணவின் காலத்துக்கும் அப்படியே நீட்டிவிட முடியாது.

இனி மீண்டும் சீனிக்கு வருவோம். 1922 சனவரி 11ஆந் திகதி ரொறொன்ரோ நகரில் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. இது மருத்துவ வரலாற்றின் பேரொளி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் நிழலையும் காணல் வேண்டும். முன்னர் மாதங்களில் மாண்ட நோயாளர் இப்போது பல பத்தாண்டுகள் வாழ்ந்தனர். வாழ்ந்தமையாலேயே கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கேடுகள் வெளிப்பட நேரம் கிடைத்தது. நரம்பு கெடுவது இரத்தக் குழாய்களின் அடைப்பினால் என ஒரு சாராரும், உயிர்ச்சத்துக் குறைவினால் என இன்னொரு சாராரும் 1920களிலும் 1930களிலும் வாதிட்டனர். 1945இல் ரண்டில்ஸ் என்பவர் 125 நோயாளரை ஆராய்ந்து, நரம்புக் கேட்டினைக் கட்டுப்பாடற்ற நீரிழிவோடு தொடர்புபடுத்தினார். 1966இல் கபேயும் அவருடைய கூட்டாளிகளும், மிகையான குளுக்கோசு நரம்பினுள் சோர்பிற்றோல் என்னும் பொருளாக மாறித் தேங்குவதைக் காட்டியதோடு, இரசாயன மட்டத்திலும் ஒரு விளக்கம் கிடைத்தது. பெல்சிய வைத்தியர் ஜோன் பிராற் 1947 முதல் 1973 வரை 4,400 நோயாளரைத் தொடர்ந்து அவதானித்து 1978இல் வெளியிட்ட ஆய்வு இவற்றுட் பெரியது. 25 ஆண்டுகள் நீரிழிவோடு வாழ்ந்தோரில் ஏறத்தாழ அரைவாசிப்பேருக்கு நரம்புக் கேடு காணப்பட்டது. இத்தொகை அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றது. அதே ஆய்வில் மற்றொரு தொகையும் உள்ளது: நீரிழிவு என முதன்முதற் கண்டறியப்பட்ட நாளிலேயே 7.5 சதவீதமானோரிடத்து நரம்பு கெட்டிருந்தது. அவர்களது நரம்பு எப்போது கெடத் தொடங்கியது? நீரிழிவு அறியப்படாது நெடுநாள் இருந்திருக்கலாம் என்பது அன்றைய எளிய விடை. அவ்விடையில் உண்மையும் உண்டு. ஆனால் நீரிழிவு என்னும் எல்லைக்கோடு எங்கே, யாரால், எதனை அளந்து இடப்பட்டது என்ற வினா அதனாற் பின்தள்ளப்பட்டது.

எனது கருத்தில் இவ்வரலாற்றின் மிக முக்கியமான பகுதி இந்த எல்லைக்கோட்டின் கதையேயாகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1965இல் நீரிழிவை வகைப்படுத்தியபோது, முன்நீரிழிவு என்ற சொல்லைப் பின்னோக்கிப் பார்க்கும் ஒரு சொல்லாகவே கொண்டது. பின்னாளில் நோயாளியான ஒருவரின் முன்னைய காலத்தை அது குறித்தது. உயிரோடு முன்னே நிற்கும் ஒருவருக்கு இட்டழைக்கும் பெயராக அது இருக்கவில்லை. 1979இல் அமெரிக்காவின் தேசிய நீரிழிவுத் தரவுக் குழு, எல்லைநிலை நீரிழிவு, இரசாயன நீரிழிவு முதலிய குழப்பமான பெயர்களை அகற்றி, குளுக்கோசுத் தாங்குதிறன் குறைவு என்றொரு வகுப்பை உருவாக்கியது. 75 கிராம் குளுக்கோசைக் குடித்து இரண்டு மணித்தியாலங்களின் பின் 140 முதல் 199 மில்லிகிராம் வரை இருப்பவர் இதற்குள் அடங்குவர். மறு ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனமும் இவ்வகுப்பை ஏற்றுக்கொண்டது. ஒருவர் மீது நோயாளி என்ற முத்திரையை வீணே குத்தி, அவருடைய தொழிலையும் காப்புறுதியையும் பாதிக்கலாகாது என்ற நல்லெண்ணமும் இதன் பின்னணியில் இருந்தது. 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் குழு, உணவருந்தாத நிலையின் எல்லையை 140இலிருந்து 126 ஆகக் குறைத்தது. பீமா பழங்குடியினரிடத்தும், எகிப்தியரிடத்தும், அமெரிக்கப் பொதுமக்களிடத்தும் எந்த அளவிற்கு மேல் விழித்திரை கெடத் தொடங்குகின்றது என்பதைப் பார்த்தே இவ்வெல்லை நியாயப்படுத்தப்பட்டது. முன்நீரிழிவு என்ற பழைய சொல் புதிய பொருளில், வாழும் மனிதருக்குரிய பெயராகப் பொதுவழக்கிற்கு வந்தது 2002 அளவிலாகும்.

கண்ணை அளந்து இட்ட கோடு கண்ணுக்குப் பொருந்தும். அதே கோடு காலுக்கும் பொருந்தும் என்று கொள்ள எவ்வித நியாயமும் இல்லை. விழித்திரையின் நுண்குழாய்க்கும், முள்ளந்தண்டின் அருகிலிருந்து பெருவிரல் வரை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீண்டு செல்லும் மெல்லிழைக்கும் தாங்குதிறன் ஒன்றாகவா இருக்கும்? ஆனால் கோடு ஒருமுறை இடப்பட்டபின் அது இயற்கையே இட்ட கோடு போலாகிவிடுகின்றது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மூன்று ஆண்டுகளாகப் பாத எரிவோடு கிளினிக்கிற்குச் சென்றுவந்தார். ஒவ்வொரு முறையும் குருதி அறிக்கையைப் பார்த்து, ‘உங்களுக்குச் சீனி வருத்தம் இல்லை, கொஞ்சம் கூடவாக இருக்கிறது, அவ்வளவுதான்’ என்றே கூறப்பட்டதாம். கூறியவரிற் குறை காண்பதற்கில்லை. அவர் கோட்டின்படியே பேசினார். நோவு கோட்டிற்கு இப்பால் இருந்தமையால் அது வயதின் மேலும், வாதத்தின் மேலும், ஈற்றில் அவ்வம்மையாரின் மனத்தின் மேலும் ஏற்றப்பட்டது.

நோவை நம்பாமைக்குக் கருவிகளும் ஒரு காரணம். நரம்புகளை ஆராயும் வழமையான மின்பரிசோதனை, தடித்த நரம்பிழைகளின் கடத்துதிறனையே அளக்கும். வெப்பத்தையும் நோவையும் உணரும் இழைகளோ மிக மெல்லியவை. அவை மாத்திரம் கெட்டிருப்பின் மின்பரிசோதனை வழமை எனவே காட்டும். நோயாளி எரிகின்றது என்கிறார். கருவி இல்லை என்கிறது. 1990களில் இந்நிலை மாறிற்று. கணுக்காலுக்குச் சற்று மேலே மூன்று மில்லிமீற்றர் விட்டமுள்ள தோற்றுண்டு ஒன்றை எடுத்து, ஒரு புரதத்தைச் சாயமூட்டுவதன் மூலம் மேற்றோலினுள் நுழையும் நுண்ணரம்பு நுனிகளை எண்ணும் முறை அமெரிக்க ஆய்வுகூடங்களில் வளர்ந்தது. எரிவை உடைய பலரின் தோலில் இந்நுனிகள் அருகிப்போயிருந்தன. பல்லாண்டுகளாக ஐயத்திற்குரியதாயிருந்த நோவு நுணுக்குக்காட்டியின் கீழ் எண்ணப்படக்கூடிய ஒன்றாயிற்று.

இக்கருவி கைக்கு வந்தபின் பழைய வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. 2001இல் யூற்றாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிங்கிள்ற்றன், சிமித், புரொம்பேர்க் ஆகியோர், காரணம் அறியப்படாத நரம்புக் கேடு உடையோரை ஆராய்ந்தபோது, அவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்குக் குளுக்கோசுத் தாங்குதிறன் குறைந்திருப்பதைக் கண்டனர். பாத எரிவு மிக்கோரிடத்தே இத்தொடர்பு வலுவாகத் தோன்றிற்று. ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் பகுதியில் நடைபெற்று 2008இல் வெளியான மக்களாய்வு, நீரிழிவு உடையோரில் 28.0 சதவீதமானோருக்கும், தாங்குதிறன் குறைந்தோரில் 13.0 சதவீதமானோருக்கும், உணவருந்தாத நிலையில் மட்டும் குளுக்கோசு உயர்ந்திருந்தோரில் 11.3 சதவீதமானோருக்கும், வழமையானோரில் 7.4 சதவீதமானோருக்கும் நரம்புக் கேடு உள்ளதாகக் காட்டியது. இத்தொகைகளில் ஒரு படிக்கட்டுத் தெரிகின்றது. 126 என்ற இடத்திற் செங்குத்தான சுவரொன்று தெரியவில்லை.

எதிர்த்தரப்பின் சான்றுகளை மறைத்தல் ஆராய்ச்சி நெறியாகாது. 2004இல் பிரித்தானியாவிற் கியூசும் கூட்டாளிகளும் ஒப்பீட்டுக் குழுவோடு நடத்திய ஆய்வில், வயதையும் பாலையும் கணக்கிலெடுத்தபின் குளுக்கோசுக்கும் காரணமறியா நரம்புக் கேட்டிற்கும் இடையிலான தொடர்பு உறுதிப்படவில்லை. குருதியின் கொழுப்பு வகையொன்றே கூடுதலாகத் தொடர்புற்றிருந்தது. அமெரிக்காவில் டைக் தலைமையில் நடந்து 2012இல் வெளியான ஆய்வும் முன்நீரிழிவினருக்கு நரம்புக் கேடு மிகுதி என்பதை ஏற்கவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரோ குளுக்கோசை மட்டும் நோக்காது, இடுப்புச் சுற்றளவு, கொழுப்பு, குருதியமுக்கம் ஆகியவை ஒருங்கே சேர்ந்த வளர்சிதைக் கோளாற்றை நோக்குமாறு வற்புறுத்துகின்றனர். எனக்கு இவ்விறுதி நிலைப்பாடே ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. சீனி முன்னதா நரம்பு முன்னதா என்ற வினாவையே அது தளர்த்திவிடுகின்றது: இரண்டும் ஒரே மண்ணில் ஏககாலத்தில் முளைக்கக் கூடியவை.

நோவோடு எவ்வாறு வாழ்வது என்ற பக்கத்திலும் தமிழ் நிலத்தோடும் இலங்கையோடும் தொடர்புடைய ஒரு கிளைக்கதை உண்டு. கொல்லிமலையில் 1914இற் பிறந்த ஆங்கிலேயரான போல் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகால்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். விரல்கள் அழிவது நோயினால் நேராக அன்று, நோவை உணராத உறுப்பைத் தொடர்ந்து அழுத்திப் புண்படுத்துவதால் என்பது அவர் நிலைநாட்டிய உண்மை. பாதத்தை முழுதுந் தழுவும் சாந்துக்கட்டினால் அழுத்தத்தைப் பரப்பிப் புண்ணை ஆற்றும் முறையை அவர் பரப்பினார். அம்முறையின் தொடக்கத்தோடு இலங்கைச் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் மில்ரோய் போலின் பெயரும் இணைத்துப் பேசப்படுகின்றது. 1966இல் பிராண்ட் அமெரிக்காவின் காவில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றபின் இதே அறிவு நீரிழிவுப் பாதங்களுக்குப் பயன்பட்டது. நோவு ஒரு கொடை என்று பிராண்ட் எழுதினார். உணர்விழந்த பாதத்தை நோக்கி நின்ற ஒருவர் அவ்வாறு எழுதியது முற்றும் பொருத்தமே. எரியும் பாதத்தை உடையவர் அதை ஏற்கமாட்டார். அவருடைய நோவு எந்தப் புண்ணையும் எச்சரிக்கவில்லை; கெட்ட இழை தானே எழுப்பும் பொய்ச்செய்தி அது. ஒரே பாதம் ஒருங்கே எரிவதும் உணர்விழப்பதும் உண்டென்பது இதன் கொடுமையை மிகுவிக்கின்றது.

காவிலிற் பணியாற்றியோரே 1986இல், 10 கிராம் விசையில் வளையும் நைலோன் இழையாற் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனையை ஒழுங்குபடுத்தினர். இன்று நீரிழிவு கிளினிக்குகளில் வழங்குவது அதுவே. அவ்விழை கேட்கும் வினா, இப்பாதம் புண்படுமா என்பது. இப்பாதம் எரிகின்றதா என்று அது கேட்பதில்லை. முன்நீரிழிவினர் பலர் அச்சோதனையில் இடர்ப்பாடின்றித் தேறிவிடுவர்.

மருந்துகள் பற்றி நீட்டவேண்டியதில்லை. மனச்சோர்வுக்கென ஆக்கப்பட்ட அமிற்றிப்ரிலின் நரம்பு நோவுக்கும் உதவும் என்பது 1980களில் உறுதிப்பட்டது. நீரிழிவு நரம்பு நோவுக்கென டுலொக்செற்றினும் பிரிகபலினும் 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவை நோவை மட்டுப்படுத்தும், இழையை மீட்பதில்லை.

இழை மீளுமா? 2006இல் சிமித்தும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், தாங்குதிறன் குறைந்து நரம்புக் கேடும் உடைய 32 பேர் ஓராண்டு காலம் உணவிலும் நடைப்பயிற்சியிலும் ஆலோசனை பெற்றனர். ஆண்டிறுதியில் அவர்களது தோலை மீண்டும் எடுத்து எண்ணியபோது நரம்பு நுனிகள் சிறிதளவு கூடியிருந்தன, நோவும் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிற்றாய்வு அது. எனினும், ஆய்ந்தவர் கண்ட வளர்ச்சி கணுக்காலை விடத் தொடையிலேயே தெளிவாயிருந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். நீண்ட இழையின் நுனி இறுதியிலேயே மீளும். அதற்கு ஆண்டுகள் செல்லும். நீரிழிவைத் தடுப்பதற்கு இதே வழி உதவும் என்பது 2002இல் அமெரிக்காவிலும் (58 சதவீதக் குறைவு), 2006இல் சென்னையை மையமாகக் கொண்ட இந்திய ஆய்விலும் (28.5 சதவீதக் குறைவு) முன்னரே நிறுவப்பட்டிருந்தது.

இலங்கையில் 2005–06இல் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வின்படி 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவும் 11.5 சதவீதமானோருக்கு முன்நீரிழிவும் இருந்தன. அவ்வாய்வின்போது வட மாகாணத்திற்கும் கிழக்கிற்கும் ஆய்வாளர் செல்ல முடியவில்லை. ஏனைய ஏழு மாகாணங்களின் தொகைகளே அவை. நகரத்தில் நீரிழிவு 16.4 சதவீதம், கிராமத்தில் 8.7 சதவீதம். நீரிழிவு உடையோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் ஆய்வாளர் வீடு தேடிச் சென்று குருதி எடுக்கும்வரை தம் நிலையை அறியாதவராயிருந்தனர். ஓர் ஆசிரியையோ, பேருந்துச் சாரதியோ, தையற்காரரோ கால் எரிகின்றது என முறையிடும்போது, அவருக்கு உணவருந்தாத குருதிச் சோதனையோடு நின்றுவிடாது, 75 கிராம் குளுக்கோசைக் கொடுத்து இரண்டு மணித்தியாலம் காத்திருந்து அளக்கவேண்டும் என யூற்றா ஆய்வாளர் 2001இலேயே வற்புறுத்தினர். உணவருந்தாத அளவு மாத்திரம் பார்க்கப்பட்டால் அவர்களுட் பலர் வழமையானோர் எனத் திருப்பியனுப்பப்படுவர்.